நூறு ரூபாய்க் கடையா, லேமிங்டன் ரோடா? ஒரே அலாரத்தை மூன்று விதமாகச் செய்து பார்த்த கணக்கு

தாராவியில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் விடியற்காலையில் வரும். ஒரு நாள் நாலரைக்கு வரும், மறுநாள் ஐந்தே காலுக்கு வரும். அக்கா நாலு மணிக்கே எழுந்து குழாயைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். முதலில் உஸ்ஸென்று காற்று வரும், பிறகு கலங்கலாக ஒரு வாய், அப்புறம்தான் நல்ல தண்ணீர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவள் மகன் ஒரு நாள் என்னிடம் வந்தான். "மாமா, தண்ணி வந்தா சத்தம் போடுற மாதிரி ஒண்ணு செஞ்சிருவோமா? அம்மா கொஞ்ச நேரம் கூடத் தூங்கட்டும்."

செய்தோம், மூன்று வழியில். மலிவுக் கடையில் ஏதாவது ஒரு பொருளை வாங்கி அதை மாற்றுவது முதல் வழி. மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் உதிரி பாகங்கள் வாங்கி நாமே சர்க்யூட் போடுவது இரண்டாவது. இணையத்தில் வைஃபை போர்டு வரவழைத்து, தண்ணீர் வந்ததும் போனுக்குச் செய்தி அனுப்ப வைப்பது மூன்றாவது. பகலில் யுபிஎஸ் பழுது பார்ப்பது என் தொழில். அதனால் இரண்டாவது வழிதான் நன்றாக வரும் என்று நினைத்திருந்தேன். ஆனால் இன்றைக்கும் அக்கா வீட்டில் வேலை செய்வது முதல் வழியில் செய்ததுதான்.

கதவு அலாரம் தண்ணீர் அலாரமான விதம்

தொண்ணூறு அடி ரோட்டிலும் தாதர் ஸ்டேஷன் வாசலிலும் பிளாஸ்டிக் சாமான், டார்ச், பொம்மை எல்லாம் குவித்து வைத்து விற்கும் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில் கதவில் ஒட்டும் திருட்டு அலாரம் 110 ரூபாய்க்குக் கிடைத்தது. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, கூடவே ஒல்லியாக இன்னொரு துண்டு. அந்தத் துண்டுக்குள் இருப்பது வெறும் காந்தம். பெட்டிக்குள் மூன்று எல்ஆர்44 பொத்தான் செல், ஒரு சின்ன போர்டு, ஒரு ரீட் சுவிட்ச். ரீட் சுவிட்ச் என்றால் நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடிக் குழாய், உள்ளே மயிரிழை இடைவெளியில் இரண்டு இரும்புத் தகடுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். பிரிந்த உடனே அலாரம் அலறும்.

இதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகன்தான் கேட்டான், "மாமா, காந்தம் பிளாஸ்டிக்கத் தாண்டி இழுக்கும்ல?" இழுக்கும். விஷயமே அவ்வளவுதான். ஒரு டப்பாவுக்கு வெளியே அலாரப் பெட்டியை அடிப்பக்கமாக ஒட்டினோம். உள்ளே ஒரு தெர்மாகோல் மிதவை, அதன் மேல் காந்தம். டப்பா காலியாக இருக்கும்போது மிதவை தரையில் கிடக்கும், காந்தம் பெட்டிக்கு நேராக இருக்கும், அலாரம் பேசாமல் இருக்கும். தண்ணீர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறினால் மிதவை எழும், காந்தம் விலகும், அலாரம் கத்தும். மின்சாரம் உள்ள பாகத்தைத் தண்ணீர் தொடுவதே இல்லை.

முதலில் எடுத்தது வட்டமான பெருங்காய டப்பா. நள்ளிரவு ஒன்றரைக்கு அலாரம் அடித்து வீடே எழுந்துவிட்டது. குழாயிலிருந்து சொட்டிய நாலு சொட்டில் மிதவை அசைந்து திரும்பி, காந்தம் மறுபக்கம் போயிருக்கிறது. மறுநாள் சதுரமான மசாலா டப்பாவுக்கு மாற்றினோம். மூலை இருந்தால் மிதவை திரும்பாது. டப்பாவின் அடியில் சூடான ஊசியால் ஒரு துளையும் போட்டோம். இரவில் விழும் சொட்டுகள் அதன் வழியே வடிந்துவிடும், உண்மையாகத் தண்ணீர் வந்தால்தான் டப்பா நிறையும். தெறிக்கும் நீருக்காக அலாரப் பெட்டியைச் சுற்றி ஒரு பாலிதீன் உறை, ரப்பர் பேண்ட். ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னைத் தொடவே இல்லை.

ஒரே குறை பொத்தான் செல்தான். இவ்வளவு சத்தத்துக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று பொத்தான் செல் சேர்ந்து 4.5 வோல்ட். மூன்று சின்னப் பென்சில் செல் சேர்ந்தாலும் அதே 4.5 வோல்ட்தான். 25 ரூபாய்க்கு மூன்று செல் போடும் ஹோல்டர் ஒன்று வாங்கி இரண்டு கம்பியை மாற்றியதும் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. ஆக, 135 ரூபாய்.

லேமிங்டன் ரோட்டுப் பில்

லேமிங்டன் ரோட்டின் இன்றைய அரசுப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லேமிங்டன் பிரபுவின் பெயர்தான் இன்னும் எல்லோர் வாயிலும் வருகிறது. மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறினால் மாறாமல் கிராண்ட் ரோடு போய் இறங்கலாம், அங்கிருந்து நடைதான். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அதே வேலையைச் செய்ய நான் போட்ட சர்க்யூட் மிகச் சின்னது. இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் இரண்டு ரெசிஸ்டர், சத்தம் போடும் ஒரு பஸ்ஸர். தண்ணீரில் இரண்டு கம்பிகள் நிற்கும். தண்ணீர் தொட்டால் அதன் வழியே மிகக் கொஞ்சமாக மின்சாரம் பாயும். முதல் டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி இரண்டாவதற்குக் கொடுக்கும், இரண்டாவது பஸ்ஸரை ஓட்டும். பிசி547-இன் தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். இதை மருமகன் நோட்டில் பெரிதாகப் படம் போட்டு வைத்திருக்கிறான்.

பில் இப்படி வந்தது. டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் சேர்த்து 10 ரூபாய். பஸ்ஸர் 20. பாகங்களைப் பொருத்த ஓட்டை போட்ட பிசிபி பலகை 25. 9 வோல்ட் பேட்டரி 30, அதற்குத் தொப்பி 8. சுவிட்ச் 5. எல்லாவற்றையும் போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் பெட்டி 70. மொத்தம் 168.

இந்தப் பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அலாரத்தின் மூளைக்கு 10 ரூபாய், வாய்க்கு 20 ரூபாய், மீதி 138 ரூபாயும் உடம்புக்கு. பேட்டரி உட்காரும் இடம், சுவிட்ச், மூடி, திருகு, பெட்டி என்று நாம் சர்க்யூட் படத்தில் வரையவே வரையாத சாமான்களுக்குத்தான் காசு போகிறது. மலிவுக் கடை நமக்குச் சல்லிசாகத் தருவதும் அந்த உடம்பைத்தான். லட்சக்கணக்கில் அச்சில் வார்த்த பெட்டி, கச்சிதமான பேட்டரி மூடி, சுவரில் ஒட்ட டேப் எல்லாம் அந்த 110 ரூபாய்க்குள் வந்துவிடுகின்றன. இந்த விலைக்கு உடம்பை நாம் கையால் செய்யவே முடியாது. எந்தப் பொருளை எங்கே வாங்குவது என்று குழப்பம் வரும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்தத் திட்டத்தில் கஷ்டம் மூளையிலா, உடம்பிலா? உடம்பில் என்றால் மலிவுக் கடை. மூளையில் என்றால் லேமிங்டன் ரோடு.

கம்பி வைத்த அலாரத்தில் இன்னொரு சிக்கல் பிறகு தெரிந்தது. இரண்டே வாரத்தில் பிளஸ் பக்கத்துச் செம்புக் கம்பி பச்சை பூத்து அரித்துப்போனது. தண்ணீரில் ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்தால் செம்பு அப்படித்தான் கரையும். பழைய எவர்சில்வர் ஸ்பூன் இரண்டின் காம்பை வெட்டிப் போட்டபின் நிலைமை பரவாயில்லை. மிதவை அலாரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

ஆனாலும் அந்த 168 ரூபாய் வீண் இல்லை. முழு மனதோடு சொல்கிறேன், மருமகன் கற்றுக்கொண்டது இதில்தான். விரலை நக்கிவிட்டு இரண்டு கம்பியையும் தொட்டால் பஸ்ஸர் முனகும், ஈரத்துணியை வைத்தால் கொஞ்சம் ஓங்கிக் கத்தும், உப்புத் தண்ணீரில் வைத்தால் முழுச் சத்தம். எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவு சத்தம் என்பதை அவன் காதாலேயே அளந்தான். கதவு அலாரம் வேலையை முடித்துக் கொடுத்தது, ஆனால் பாடம் நடத்தவில்லை. பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் யோசிக்காமல் லேமிங்டன் ரோட்டுக்கு வண்டி ஏறுங்கள்.

வைஃபை போர்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஎஸ்பி8266 உள்ள போர்டு 260 ரூபாய்க்கு வந்தது. பழைய போன் சார்ஜரில் ஓடும். உள்ளே எல்லாம் 3.3 வோல்ட், அதனால் அதன் கால்களில் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்கக் கூடாது. போனுக்குச் செய்தி ஒழுங்காகவே வந்தது. ஆனால் அக்கா ராத்திரியில் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள், வீட்டில் இன்டர்நெட் பெட்டியையும் அணைத்துவிடுவார்கள். தூங்குகிறவளை எழுப்ப இது சரிப்படாது. ஒரு விஷயத்தில் மட்டும் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வரமுடியாது: தண்ணீர் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நின்றது என்று தானாகவே எழுதி வைக்கும். ஒரு மாதம் இன்டர்நெட்டை அணைக்காமல் ஓடவிட்டுப் பட்டியல் எடுத்தோம். சந்துக்காரர்கள் சேர்ந்து முறையிடப் போகும்போது, "லேட்டா வருது" என்று வாயால் சொல்வதற்கும் முப்பது நாள் பட்டியலை நீட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சோலார் தோட்ட விளக்கு என்னும் புதையல்

மலிவுக் கடையில் ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால் நான் எடுப்பது சோலார் தோட்ட விளக்கு. மண்ணில் குத்தி வைக்கும் சின்ன விளக்கு, இரண்டு சேர்ந்து 199 ரூபாய்க்கு வாங்கினேன். தாராவியில் தோட்டத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். தலையைத் திருகி, மூன்று ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். மேலே பிசின் ஊற்றிய சின்னச் சோலார் தகடு. அதன் கீழே 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் ஒன்று. ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் போர்டு. அதில் டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கும், ஆனால் நாலு கால் உள்ள ஒரு ஐசி, அதாவது ஒரு முழுச் சர்க்யூட்டையே உள்ளே அடக்கிய சில்லு. பக்கத்தில் பருத்த ரெசிஸ்டர் போலக் கலர் வளையம் போட்ட ஒன்று. அது ரெசிஸ்டர் இல்லை, கம்பி சுற்றிய காயில். அப்புறம் ஒரு எல்இடி.

வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். செல்லில் இருப்பது 1.2 தான். எப்படி எரிகிறது? அந்த நாலுகால் ஐசி காயிலை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை இணைத்து இணைத்து வெட்டுகிறது. வெட்டும் ஒவ்வொரு முறையும் காயில் எகிறி அதிக வோல்ட்டைத் துப்புகிறது. அந்தத் துப்பலில்தான் எல்இடி எரிகிறது. பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? சோலார் தகட்டில் வோல்ட் இறங்கினால் இரவு என்று அதே ஐசி எடுத்துக்கொள்கிறது. தகடே கண்ணாகவும் வேலை செய்கிறது. ஒய்எக்ஸ்8018, கியூஎக்ஸ்5252 என்று இந்த ஐசிக்களில் எழுதியிருக்கும். நாலு காலும் தகடு, செல், தரை, காயில் ஆகியவற்றுக்குப் போகும்.

காயிலை மாற்றினால் வெளிச்சம் மாறும். மதிப்பு குறைந்த காயில் போட்டால் பளிச்சென்று எரியும், ஆனால் செல் சீக்கிரம் தீரும். மதிப்பு கூடிய காயில் போட்டால் மங்கலாக, நெடுநேரம் எரியும். மருமகன் இரண்டு விளக்கிலும் வேறு வேறு காயில் போட்டு, ஒரே இரவில் எது முதலில் அணைகிறது என்று பார்க்க விழித்திருந்தான்.

எங்கள் சந்தில் வெயில் தரைக்கு இறங்காது. அதனால் தகட்டை மட்டும் தனியே பிரித்து, இரண்டு மீட்டர் காலிங் பெல் கம்பியில் கூரைத் தகரத்தின் மேல் வைத்தோம். போர்டும் எல்இடியும் கீழே, மாடி அறைக்கு ஏறும் செங்குத்தான ஏணிக்குப் பக்கத்தில். பிளஸ் மைனஸ் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். இப்போது இருட்டியதும் ஏணிப்படி தானாகத் தெரிகிறது. அக்காவின் மாமியாருக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. ராத்திரியில் அவர் இறங்கி வரும்போது கையால் சுவரைத் தடவுவது நின்றுபோனது. இதுவரை நான் செய்த வேலைகளில் எனக்கு அதிகச் சந்தோஷம் தந்தது இந்தச் சின்ன வெளிச்சம்தான்.

இதையே உதிரியாக வாங்கப் போனால்? சின்னத் தகடு ஒன்றுக்கே 70 ரூபாய் சொன்னார்கள். செல், ஹோல்டர், எல்இடி எல்லாம் அதற்கு மேல். அந்த நாலுகால் ஐசியைச் சில்லறையாகக் கேட்டு நாலு கடை ஏறினேன், கிடைக்கவில்லை. இங்கே மூளையும் உடம்பும் இரண்டுமே மலிவுக் கடையில்தான் சல்லிசு.

இரண்டு எச்சரிக்கை. கூட வரும் செல் மட்டமாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் நல்லதாக மாற்ற வேண்டிவரும். மாற்றும்போது சாதாரணப் பென்சில் செல்லைப் போட்டுவிடாதீர்கள். சோலார் தகடு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், செல் கசிந்து போர்டை அரித்துவிடும். இன்னொன்று மழைக்காலம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பை வானத்தை நம்பி விளக்கு வைக்க முடியாது. நீர் புகுந்தால் செல் ஸ்ப்ரிங்கும் துருப்பிடிக்கும். மே மாதமே மூடியின் விளிம்பைச் சுற்றி சிலிகான் பசை பூசிவிடுவது நல்லது.

இட்லி ஆச்சியின் கால்குலேட்டர்

எங்கள் பக்கத்தில் விடியும் முன்பே இட்லி அவித்து, பானையில் அடுக்கிச் சைக்கிளில் ஏற்றி நகரம் முழுக்க அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு ஆச்சி, எத்தனை தட்டு இறக்கினோம் என்ற கணக்கு நடுவில் தப்பிப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணும் இயந்திரம் செய்து தருகிறேன் என்று நான் பென்சிலை எடுத்தேன். எண்ணி டிஸ்ப்ளேயில் காட்டும் சிடி4026 ஐசி மூன்று, எண் காட்டும் டிஸ்ப்ளே மூன்று, ஒவ்வொரு டிஸ்ப்ளேக்கும் ஏழு ரெசிஸ்டராக 21. ஒரு தடவை அழுத்தினால் மூன்று தடவை எண்ணிவிடாமல் இருக்க 555 வைத்த இன்னொரு சின்னச் சர்க்யூட். 555 என்பது 1972-இல் விற்பனைக்கு வந்த ஐசி, இன்றும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. எல்லாம் சேர்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சால்டரிங்.

செய்தது வேறு. 90 ரூபாய்க்கு ஒரு கால்குலேட்டர் வாங்கினேன். 1 கூட்டல் 1 சமம் என்று அழுத்திவிட்டு, பிறகு சமக்குறியை மட்டும் அழுத்திக்கொண்டே போனால் 3, 4, 5 என்று ஏறும். பின்மூடியைத் திறந்து, சமக்குறிப் பொத்தானின் இரண்டு தடத்திலும் இரண்டு மெல்லிய கம்பியைப் பிடித்துவைத்து, வெளியே காலால் மிதிக்கும் ஒரு சுவிட்ச்சில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கால்குலேட்டர் தன் பொத்தான்களின் நடுக்கத்தை ஏற்கெனவே தானே சமாளிக்கும், ஆகவே ஒரு மிதிக்கு ஒரே எண்ணிக்கைதான். கை முழுக்க மாவாக இருந்தாலும் ஆச்சி காலால் மிதித்துவிடுகிறார்.

வாங்கும்போது கடையிலேயே சோதித்துப் பாருங்கள். சில கால்குலேட்டர்களில் இந்தச் சமக்குறி வித்தை நடக்காது. வேறு சில கால்குலேட்டர்கள் பத்து நிமிடத்துக்குள் தானாக அணைந்து கணக்கை அழித்துவிடும், இட்லி வேகும் நேரத்துக்கு அது ஆகாது. தடத்தில் ஈயம் ஒட்டாவிட்டாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் அது கார்பன் பூச்சு, சூடு காட்டினால் உரிந்துவிடும். அதன் முடிவில் செம்பு தெரியும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எங்கே மலிவுக் கடை கைவிட்டது

பள்ளிக் கண்காட்சிக்கு ரோபோ வண்டி செய்ய வேண்டும் என்று மருமகன் கேட்டபோது, அதே உற்சாகத்தில் ரிமோட் கார் பொம்மை ஒன்றை வாங்கி உடைத்தோம். சரிப்படவில்லை. அதன் கியர் வேகத்துக்காகச் செய்தது, ரோபோவுக்கு வேண்டியது நிதானம். ஒரு சக்கரம் உடைந்தது. மாற்று வாங்க அதே கடைக்குப் போனால் அந்தப் பொம்மை அங்கே இல்லை, இருந்ததற்கான அடையாளமும் இல்லை. மலிவுக் கடையின் பெரிய பலவீனம் இதுதான். இந்த வாரச் சரக்கு அடுத்த வாரம் கிடைக்காது. வெளிப்பெட்டி அதேதான் என்று வாங்கினாலும் உள்ளே போர்டு மாறியிருக்கும். கடைசியில் லேமிங்டன் ரோட்டில் நிதானமாகச் சுழலும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டும் அவற்றை ஓட்டும் எல்298 டிரைவர் போர்டு ஒன்றும் வாங்கித்தான் வண்டி ஓடியது. பத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறீர்கள், பத்து பேருக்கும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும் என்றாலும் மலிவுக் கடையை நினைக்கவே வேண்டாம்.

ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் பேட்டரி விளக்கு விஷயத்தில் இரண்டுமே சரிசமம். உங்களுக்கு வேண்டியது வெளிச்சம்தான் என்றால் விளக்கை வாங்கி அப்படியே ஒட்டுங்கள். ஆள் வந்தார் என்ற சைகை இன்னொரு போர்டுக்குப் போக வேண்டும் என்றால், எச்.சி-எஸ்ஆர்501 என்ற தனிச் சென்சாரை வாங்குங்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று திருப்பி வைக்க அதில் இரண்டு குமிழ் உண்டு.

பழைய சாமான் நாலாவது வழி. மட்டன் தெருச் சோர் பஜாரிலும், எங்கள் தாராவிப் பதின்மூன்றாம் காம்பவுண்டிலும் பிரித்துப்போட்ட பொருட்கள் மலைபோல் கிடக்கும். எது நல்லது, எது செத்தது என்று கண்ணால் பார்த்தே சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் அது லாபம். புதிதாகத் தொடங்குகிறவர் அங்கே போனால், தன் சர்க்யூட் தப்பா, வாங்கிய பாகம் தப்பா என்றே தெரியாமல் திண்டாடுவார்.

தொடக் கூடாதவை

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். கொசு பேட்டைப் பிள்ளைகள் கையில் பிரிக்கக் கொடுக்காதீர்கள். அதன் வலையில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். அதைவிட ஆபத்து, சுவர் பிளக்கில் நேராகச் செருகிச் சார்ஜ் போடும் மலிவு டார்ச், பேட், எமர்ஜென்சி விளக்கு. பலவற்றில் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஒரு கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டைக் குறைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். செருகியிருக்கும்போது உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் வீட்டு மின்சாரத்தைத் தொட்டதற்குச் சமம். செல்லைத் தொட்டாலும் அப்படித்தான். பொருளின் உடம்பிலேயே இரண்டு பின் நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

லித்தியம் செல்லும் அப்படியே. ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய மலிவு பவர் பேங்கைத் திறந்தேன். உள்ளே எங்கிருந்தோ பிடுங்கிய பழைய செல், பாதுகாப்புப் போர்டு இல்லை, ஒரு கம்பி அரையும் குறையுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கும் பொருள் அது. ரீசார்ஜ் லித்தியம் வேண்டும் என்றால் நல்ல செல்லைத் தனியாக வாங்கி, டிபி4056 சார்ஜர் போர்டில் பாதுகாப்பு ஐசியும் சேர்ந்த வகையைப் போடுங்கள். செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் அது பார்த்துக்கொள்ளும். போன் சார்ஜர், பவர் பேங்க் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கையில் 500 ரூபாய் இருந்தால்

என்னிடம் யாராவது 500 ரூபாயோடு வந்து எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், முதலில் 200 ரூபாய்க்கு வோல்ட், மின்சாரம் எல்லாம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்கச் சொல்வேன். டிடி830 வகை போதும். அது இல்லாமல் மலிவுப் பொருளைத் திறப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. மீதியில் சோலார் விளக்கு ஒரு ஜோடி, 199. மிச்சக் காசுக்கு லேமிங்டன் ரோட்டில் பிசி547 பத்து, எல்இடி பத்து, சில ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், கொஞ்சம் கம்பி. சால்டரிங் அயர்ன் அடுத்த மாதம். அதுவரை ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். வைஃபை போர்டு அதற்கும் பிறகு, எதையாவது கணக்கெடுக்க வேண்டும் என்ற தேவை உண்மையாகவே வரும்போது.

கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருக்கட்டும். பொருளைத் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ தெரிகிறதா, அல்லது ஒட்டி மூடியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் உடைத்துத்தான் திறக்க முடியும், உடம்பு வீணாகும். பேட்டரி மூடியைத் திறந்து எந்தச் செல், எத்தனை செல் என்று பாருங்கள். மூன்று பென்சில் செல் என்றால் 4.5 வோல்ட், நம் சர்க்யூட்டோடு ஒத்துப்போகும். பிடித்திருந்தால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று பிரித்துப் பார்க்க, ஒன்று பயன்படுத்த. கதவு அலாரத்தை நான் ஒன்றுதான் வாங்கினேன். எதிர்வீட்டு அண்ணி தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டுப் போன பிறகு மூன்று சனிக்கிழமை தாதர் வாசல் முழுக்கத் தேடிவிட்டேன், அந்த மாதிரி இன்னும் கண்ணில் படவில்லை. அதுவரை அக்கா வீட்டு அலாரத்தில்தான் அவர்களும் எழுந்திருக்கிறார்கள்.